செவிலியர் பதிவும் பதிவின்மையும்: சட்டப் பொறுப்பின் வரலாறு (1960–1994)

ஆய்வுச்சுருக்கம்

‘எழுதப்படாதது செய்யப்படாததே’ என்னும் தொடர் செவிலியர் கல்வியில் ஒரு சட்டவிதி போலவே கற்பிக்கப்பட்டு வருகிறது. நோயாளருக்கு ஆற்றிய பணியைப் பதிவு செய்யத் தவறும் செவிலியருக்கு நேரும் விளைவுகள் அனைத்தும் இத்தொடரால் விளக்கப்படுகின்றன. இத்தொடரின் பின்புலமாக அமைந்த வட அமெரிக்க வழக்குகளைக் காலவரிசையில் வைத்து நோக்கும்போது, நீதிமன்றங்கள் அவ்வாறு பொதுவிதி எதனையும் வகுக்கவில்லை என்பது புலனாகிறது. பதிவு செய்யும் கடமையே செவிலியரின் எழுத்துக்கு நம்பகத்தன்மை அளித்தது. அதே கடமையே அவர் எழுதாத இடத்துக்கும் பொருள் அளித்தது. சார்ல்ஸ்டன், ஜாஸ்பர், பர்லிங்டன், புவர்ட்டோ ரிக்கோ ஆகிய இடங்களில் நிகழ்ந்தவற்றிலிருந்து எழுந்த நான்கு வழக்குகளின் வழி இக்கட்டுரை இக்கருத்தை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: செவிலியர் குறிப்பு, பதிவின்மை, கவனக்குறைவு, செவிவழிச் சான்று, அனுமானம், விலகல்பதிவு முறை.

முன்னுரை

மருத்துவமனையில் நோயாளர் ஒருவரின் அருகில் நாள் முழுவதும் இருப்பவர் செவிலியர். மருத்துவர் வந்து பார்த்துச் செல்லும் நேரம் குறைவு. நோயாளரின் உடல்நிலை மாறுவது பெரும்பாலும் மருத்துவர் இல்லாத வேளையில்தான். அம்மாற்றத்தைக் காண்பவரும் அதனை எழுதி வைப்பவரும் செவிலியரே. எனவே, செவிலியர் குறிப்பு என்பது நோயின் வரலாற்றில் வேறெவராலும் எழுதப்பட இயலாத பகுதி.

அப்பகுதி எழுதப்படாமல் போனால் யாருக்கு என்ன நேரும் என்ற வினாவுக்கு இன்று பாடநூல்கள் தரும் விடை எளிமையானது. எழுதாவிட்டால் செய்யவில்லை என்றே நீதிமன்றம் கொள்ளும். ஆகவே அனைத்தையும் எழுத வேண்டும் என்பதே அவ்விடை. இது செவிலியரிடம் அச்சத்தை உண்டாக்கியுள்ளதே தவிர, எதனை, எப்போது, எதற்காக எழுத வேண்டும் என்ற தெளிவை உண்டாக்கவில்லை. நெரிசல் மிகுந்த வார்டில் எழுத நேரமின்றிப் பணியாற்றிய செவிலியரின் வெற்றுத்தாளும், நோயாளரைப் பார்க்கவே செல்லாத செவிலியரின் வெற்றுத்தாளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. இவ்விரண்டையும் சட்டம் எவ்வாறு வேறுபடுத்தியது, வேறுபடுத்தத் தவறும் இடம் எது என்பதை வரலாற்று நோக்கில் அறிவது இன்றியமையாதது.

இக்கட்டுரையில் வழக்குகள், தொடர்புடையோரின் பெயரால் அன்றி, நிகழ்விடத்தின் பெயராலேயே சுட்டப்படுகின்றன.

செவிலியர் குறிப்பின் தொடக்கநிலை

நவீன செவிலியர் பணியின் அடிப்படை நூல்களுள் ஒன்றான பிளாரன்ஸ் நைட்டிங்கேலின் ‘செவிலியம் பற்றிய குறிப்புகள்’ 1859ஆம் ஆண்டைச் சார்ந்தது. அந்நூலில் நோயாளரைக் கூர்ந்து நோக்குவதற்கென ஓர் இயல் உண்டு. அதனினும் இங்கு முதன்மையானது சிறு நிர்வாகம் பற்றிய இயல். செவிலியர் தாம் இருக்கும்போது செய்வதைத் தாம் இல்லாதபோதும் நடைபெறச் செய்வதே அந்நிர்வாகத்தின் சாரம் என்பது நைட்டிங்கேலின் கருத்து. பதிவு என்பதன் தேவை இக்கருத்திலிருந்தே பிறக்கிறது. ஒருவர் அறிந்தது அவர் சென்ற பின்னும் படுக்கையருகில் நிலைக்க வேண்டும் என்பதே பதிவின் முதல் நோக்கம். வழக்கு, இழப்பீடு, ஒழுங்கு நடவடிக்கை ஆகியவற்றுக்கு அதில் இடமில்லை.

1863இல் வெளிவந்த ‘மருத்துவமனைகள் பற்றிய குறிப்புகள்’ நூலின் மூன்றாம் பதிப்பில், மருத்துவமனைப் பதிவுகள் ஒன்றோடொன்று ஒப்பிடத்தக்க நிலையில் இல்லை என்ற குறையை நைட்டிங்கேல் சுட்டினார். எனினும் அவர் அங்குக் கோரியது புள்ளிவிவரப் பயனுடைய பதிவையே. அதற்குப் பின்னரும் நெடுங்காலம் செவிலியரின் அன்றாடக் குறிப்பு மருத்துவரின் ஆணை நிறைவேறியதா என்பதைக் காட்டும் துணைத்தாளாகவே கருதப்பட்டது. நோயாளர் வீடு திரும்பியதும் செவிலியர் குறிப்புகளைக் களைந்துவிடும் வழக்கம் பல மருத்துவமனைகளில் இருந்தது. மருத்துவரின் குறிப்பு ஆவணமாகவும் செவிலியரின் குறிப்பு கழிதாளாகவும் மதிக்கப்பட்ட இந்நிலை, 20ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் நீதிமன்றத்தின் வாயிலாக மாறத் தொடங்கியது.

சார்ல்ஸ்டன்: கண்டவர் கூறாமை

1960 நவம்பர் 5ஆம் நாள் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் கல்லூரிக் கால்பந்து ஆட்டத்தில் 18 வயது மாணவர் ஒருவரின் கால் முறிந்தது. அவர் சார்ல்ஸ்டன் நகர மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு மாவுக்கட்டு இடப்பட்டது. சிறிது நேரத்திலேயே கடும் வலி தொடங்கியது. கட்டுக்கு வெளியே தெரிந்த கால்விரல்கள் வீங்கிக் கருத்தன. பின்னர் குளிர்ந்து உணர்விழந்தன. மாவுக்கட்டு அடுத்தடுத்த நாள்களில் சிறிது சிறிதாக வெட்டப்பட்டது. ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்குப் பின்னரே மாணவர் செயின்ட் லூயிஸ் நகரின் பெரிய மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். காலைக் காப்பாற்ற முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே அது அகற்றப்பட்டது.

மருத்துவர் வழக்கு விசாரணைக்கு முன்பே 40,000 டாலர் அளித்துச் சமரசம் செய்துகொண்டார். ஜூரி வழங்கிய 1,50,000 டாலர் இழப்பீட்டில் அத்தொகை கழிக்கப்பட்டு, மருத்துவமனை 1,10,000 டாலர் செலுத்த வேண்டியதாயிற்று. 1965இல் இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றம் இத்தீர்ப்பை உறுதி செய்தது. மருத்துவமனை என்பது மருத்துவருக்கு இடமும் படுக்கையும் தரும் கட்டடம் மட்டுமே. சிகிச்சையின் தவறு மருத்துவரையே சாரும் என்ற பழைய வாதம் அங்கு ஏற்கப்படவில்லை. காலில் வளர்ந்து வரும் திசு அழுகலை உணர்ந்து, அதனை மருத்துவமனை நிர்வாகத்துக்கும் மருத்துவக் குழுவுக்கும் தெரிவிக்கத்தக்க பயிற்சி பெற்ற செவிலியரைப் போதிய அளவில் அமர்த்தத் தவறியதற்காக மருத்துவமனையைக் கவனக்குறைவுக்குப் பொறுப்பாக்க ஜூரிக்கு இடமுண்டு என்று நீதிமன்றம் கூறியது.

இவ்வழக்கு பதிவின்மை பற்றியதன்று. ஆயினும் பின்வந்த வழக்குகளுக்கு இது இருவகையில் அடித்தளமாகிறது. ஒன்று, செவிலியர் மருத்துவரின் ஆணையை நிறைவேற்றுபவர் மட்டும் அல்லர். தாமே கண்டு உணர்ந்து தெரிவிக்கும் கடமையுடையவர் என்பது இங்கு நிலைநாட்டப்பட்டது. மற்றொன்று, அக்கடமை நிறைவேறாமைக்கான பொறுப்பு தனிச் செவிலியரோடு நில்லாமல், செவிலியரின் எண்ணிக்கையையும் பயிற்சியையும் தீர்மானிக்கும் நிறுவனத்தைச் சென்றடைந்தது.

ஜாஸ்பர்: எழுத்து சான்றானமை

1965 பிப்ரவரியில் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்து ஜாஸ்பர் பகுதியில் பனிச்சறுக்கில் ஈடுபட்ட 21 வயது பல்கலைக்கழக மாணவர் ஒருவரின் கால் முறிந்தது. உள்ளூர் மருத்துவமனையில் மாவுக்கட்டு இடப்பட்டது. விரல்கள் வீங்கி நீலநிறமாயின, குளிர்ந்து உணர்விழந்தன. சில நாள்களுக்குப் பின் எட்மண்டன் நகருக்கு அனுப்பப்பட்ட அவர் இறுதியில் காலை இழந்தார். சார்ல்ஸ்டன் நிகழ்ச்சியோடு இது பெரிதும் ஒத்திருப்பினும் ஒரு வேறுபாடு உண்டு. ஜாஸ்பரில் செவிலியர்கள் விரல்களின் நிறத்தையும் குளிர்ச்சியையும் உணர்வின்மையையும் அவ்வப்போது எழுதி வைத்திருந்தனர். அவ்வெழுத்தே மருத்துவரின் கவனக்குறைவை நிறுவும் முதன்மைச் சான்றாயிற்று.

விசாரணை நீதிபதி செவிலியர் குறிப்புகளை ஏற்று மாணவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். ஆல்பர்ட்டா மேல்முறையீட்டு நீதிமன்றம் அதற்கு உடன்படவில்லை. குறிப்பை எழுதிய செவிலியரே சாட்சிக் கூண்டில் ஏறிச் சொன்னாலன்றி அது செவிவழிச் சான்றே என்று கொண்டு மறுவிசாரணைக்கு ஆணையிட்டது. வழக்கு கனடா உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. அந்நீதிமன்றத்தின் முன் இருந்த சிக்கலுக்கு இங்கிலாந்தில் அண்மைய முன்னுதாரணம் ஒன்று இருந்தது. திருட்டுக் கார்கள் தொடர்பான வழக்கொன்றில், கார்த் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் எந்திர எண்களைக் குறித்துவைத்த பதிவுகள் சான்றாகுமா என்ற வினா 1964இல் பிரபுக்கள் சபையின் முன் வந்தது. செவிவழிச் சான்று விதிக்குப் புதிய விலக்கு தேவையெனில் அதனை நாடாளுமன்றமே செய்ய வேண்டும் என்று மூவர் கூறினர். காலத்துக்கேற்ப நீதிபதிகளே விதியை வளர்க்கலாம் என்று இருவர் மாறுபட்டனர்.

1970 ஏப்ரலில் கனடா உச்ச நீதிமன்றம் அச்சிறுபான்மையர் இருவரின் நோக்கையே தழுவிக்கொண்டது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி எம்மட் ஹால். கனடாவின் பொது மருத்துவக் காப்பீட்டு முறைக்கு வழிகோலிய 1964ஆம் ஆண்டு அரச ஆணைய அறிக்கையின் தலைவரும் இவரே. செவிலியர் குறிப்பு உள்ளிட்ட மருத்துவமனைப் பதிவுகள் மூன்று நிலைகளில், மறுக்கப்படாதவரை, அவற்றில் கூறப்பட்ட செய்திகளுக்குச் சான்றாகும் என்று அவர் வகுத்தார். நிகழ்வின்போதே எழுதப்பட்டிருத்தல், எழுதியவர் அதனை நேரில் அறிந்திருத்தல், எழுதும் கடமை அவருக்கு இருத்தல் என்பன அம்மூன்று. குறிப்பின் உண்மையை மறுக்க விரும்பும் தரப்பு, நீதிமன்றத்தில் அன்று வந்திருந்த செவிலியர்களையே அழைத்து வினவியிருக்கலாம் என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார்.

இத்தீர்ப்பின் சமூகப் பொருள் கருதத்தக்கது. மருத்துவமனைப் படிநிலையில் மருத்துவருக்குக் கீழ் வைக்கப்பட்டிருந்தோரின் எழுத்து, அம்மருத்துவரின் செயலை அளக்கும் அளவுகோலாயிற்று. கழிதாளாகக் கருதப்பட்ட குறிப்பு ஆவணமானது. அதே வேளையில், எழுதியதால் மாணவரின் கால் பிழைக்கவில்லை என்பதும் மறக்கத்தக்கதன்று. பதிவு நடந்ததை நிறுவியது, நடப்பதை மாற்றவில்லை.

பர்லிங்டன்: எழுதாத ஏழு மணி நேரம்

ஜாஸ்பர் தீர்ப்பு செவிலியரின் எழுத்துக்கு மதிப்பளித்தது. அம்மதிப்பின் மறுபக்கம் சில ஆண்டுகளிலேயே ஒண்டாரியோ மாகாணத்தில் வெளிப்பட்டது. பர்லிங்டன் நகர மருத்துவமனை ஒன்றில் பெரிய முதுகெலும்பு அறுவைச் சிகிச்சை முடிந்த நோயாளர் ஒருவர் ஸ்ட்ரைக்கர் எனப்படும் படுக்கைச் சட்டகத்தில் கிடத்தப்பட்டிருந்தார். முதுகெலும்பை அசைக்காமல் நோயாளரைத் திருப்புவதற்கு உதவும் அமைப்பு அது. அதில் கிடப்பவர் தாமாகப் புரள இயலாது. ஆகவே அவரை எழுப்பி இருமச் செய்வது, ஆழ மூச்சு விடச் செய்வது, நாடித்துடிப்பையும் மூச்சையும் அளப்பது ஆகியவை செவிலியரின் பணிகள். விடியற்காலை அவர் இறந்து கிடந்தது தெரிய வந்தது. இரைப்பை நீர் மேலெழுந்து நுரையீரலுக்குள் சென்றதே இறப்புக்குக் காரணமாகக் கூறப்பட்டது.

அவரது செவிலியர் குறிப்பில் இரவு 10 மணி முதல் விடியற்காலை 5 மணி வரை ஒரு பதிவும் இல்லை. 1974இல் தீர்ப்பளித்த விசாரணை நீதிபதி ஹெயின்ஸ் இந்த ஏழு மணி நேர இடைவெளியை முதன்மையாகக் கருதினார். ஒன்றும் எழுதப்படாததற்குக் காரணம் ஒன்றும் செய்யப்படாததே என்ற அனுமானத்துக்கு அவ்விடைவெளி இடமளிப்பதாக அவர் கொண்டார். செவிலியரும் அவரைப் பணியமர்த்திய மருத்துவமனையும் பொறுப்பாயினர். வழக்கு கனடா உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1978ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இடம்பெற்றுள்ள அதன் முடிவிலும் மருத்துவமனையின் பொறுப்பு நிலைத்தது.

‘எழுதப்படாதது செய்யப்படாததே’ என்னும் தொடருக்குக் கனடாவின் செவிலியர் கல்வியில் சான்றாகக் காட்டப்படுவது பெரும்பாலும் இத்தீர்ப்பே. ஆனால் தீர்ப்பும் தொடரும் ஒன்றல்ல. மூன்று வேறுபாடுகள் இங்குக் கருதத்தக்கன.

முதலாவது, நீதிபதி கொண்டது அனுமானம், விதி அன்று. சான்றியலில் அனுமானம் என்பது கொள்ளத்தக்கது. கொண்டே தீர வேண்டியதன்று. நோயாளரின் உடல்நிலை, பிற சாட்சியங்கள், மருத்துவமனையின் வழக்கம் ஆகியவை அதனை மறுக்கலாம். இவ்வழக்கில் எழுதப்படாத தாளோடு இறந்த நோயாளரும் இருந்தார். நுரையீரலில் கண்டது, அவர் எழுப்பப்படவில்லை என்பதோடு பொருந்தியது. வெற்றுத்தாள் தனித்து நின்று எவரையும் குற்றவாளியாக்கவில்லை.

இரண்டாவது, அனுமானத்தின் வலிமை கடமையிலிருந்து வந்தது. எழுத வேண்டிய கடமையற்றவர் எழுதாமல் இருப்பதிலிருந்து எதனையும் ஊகிக்க இயலாது. அளவிட வேண்டியதை அளவிட்டவர் எழுதுவது வழக்கம் என்றிருக்கும் இடத்தில்தான் எழுதாமை பேசத் தொடங்குகிறது. ஜாஸ்பர் தீர்ப்பு எழுத்தை நம்பியதற்குக் கூறிய மூன்று காரணங்களில் ஒன்றான கடமை, பர்லிங்டனில் எழுதாமையை நம்பாததற்கும் காரணமாயிற்று. இவ்விரு தீர்ப்புகளும் ஒரே கோட்பாட்டின் இரு முகங்கள். குறிப்பை ஆவணமாக மதிக்கக் கோரும் எவரும் குறிப்பின் இன்மையும் சான்றாகும் என்பதை மறுக்க இயலாது.

மூன்றாவது, நீதிமன்றம் தவறாகக் கண்டது எழுதாமையை அன்று, நோயாளரைக் கவனியாமையை. எழுதாமை அதனை நிறுவப் பயன்பட்டது. இவ்வேறுபாடு மங்கியதால், தாள் நிறைந்திருந்தால் பணி நிறைவு பெற்றுவிட்டது என்ற தலைகீழ் எண்ணம் மருத்துவமனைகளில் தோன்றியது.

ஒழுங்கு நடவடிக்கை: தனிச் செவிலியரைச் சேரும் விளைவு

இழப்பீட்டு வழக்குகளில் பொறுப்பின் சுமையைப் பெரும்பாலும் பணியமர்த்தியவரே ஏற்கிறார். பணியாளர் பணியின் போக்கில் செய்த தவறுக்கு முதலாளி பொறுப்பாவார் என்பது பொதுச்சட்டத்தின் நெடுநாளைய கோட்பாடு. ஆனால் பதிவின்மை தனிச் செவிலியரை நேரடியாகச் சென்று சேரும் வழி ஒன்றுண்டு. அது தொழில்முறை ஒழுங்கு நடவடிக்கை.

பர்லிங்டன் அமைந்துள்ள ஒண்டாரியோவில் 1991ஆம் ஆண்டுச் செவிலியர் சட்டத்தின்கீழ் 1993இல் வகுக்கப்பட்ட விதிகள், தொழில்முறைத் தவறுகளைப் பட்டியலிடுகின்றன. தேவைப்படும் பதிவுகளைப் பேணத் தவறுதல் அவற்றுள் ஒன்று. தம் பணி தொடர்பான பதிவைப் பொய்யாக்குதல் தனியான மற்றொன்று. நோயாளருக்குத் தீங்கு நேர்ந்திருக்க வேண்டும் என்பது இவற்றுக்கு முன்நிபந்தனையன்று. இழப்பீட்டு வழக்கில் தீங்கும் காரணத் தொடர்பும் நிறுவப்பட வேண்டும். இங்கோ எழுதாமையே தவறாகிறது. கண்டனம், தற்காலிகப் பணிவிலக்கம், பதிவுச் சான்றிதழை நீக்குதல், 35,000 டாலர் வரையிலான அபராதம் ஆகியவை ஒழுங்குக் குழு விதிக்கத்தக்க தண்டனைகள்.

எழுதாமையும் பொய்யாக எழுதுதலும் தனித்தனியே வைக்கப்பட்டிருப்பது பொருளுடையது. எழுதத் தவறியதை உணர்ந்த செவிலியர், எழுதும் நேரத்தையும் நிகழ்ந்த நேரத்தையும் வெளிப்படையாகக் குறித்துப் பின்னர்ச் சேர்ப்பது ஏற்கத்தக்க நடைமுறை. அச்சத்தால் உந்தப்பட்டு, அப்போதே எழுதியதுபோல் இடைவெளியை நிரப்புவது வேறு தன்மையது. குறைபாடாக இருந்ததை அது நேர்மையின்மையாக மாற்றிவிடுகிறது. எழுதாவிட்டால் எல்லாம் போயிற்று என்ற மிகைப்பட்ட போதனை செவிலியரை இவ்விரண்டாம் தவறின் பக்கம் தள்ளுகிறது என்பதும் கவனத்துக்குரியது.

புவர்ட்டோ ரிக்கோ: திட்டமிட்ட இடைவெளி

அனைத்தையும் எழுது என்ற போதனை எதிர்விளைவையும் தந்தது. வழக்கமான கண்டறிதல்களையே ஒவ்வொரு பணிமுறையிலும் எழுதுவதால் முதன்மையான செய்தி தாள்களுக்கிடையே மறைந்தது; நோயாளரிடம் செலவிட வேண்டிய நேரமும் குறைந்தது. இதற்குத் தீர்வாக 1983இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்துச் செயின்ட் லூக்ஸ் மருத்துவமனையில் விலகல்பதிவு முறை உருவாக்கப்பட்டது. இயல்பான நிலை எது என்பதை முன்கூட்டியே வரையறுத்து, அதிலிருந்து விலகியதை மட்டும் எழுதுவதே இம்முறை. இதன்படி எழுதப்படாதது இயல்பாக இருந்தது என்று பொருள்படும். பர்லிங்டன் அனுமானத்துக்கு நேர் எதிரான வாசிப்பு இது.

இவ்வாசிப்பு புவர்ட்டோ ரிக்கோவில் சோதனைக்குள்ளானது. 1986இல் அங்குள்ள மருத்துவமனை ஒன்றில் முதுகெலும்பு வட்டு தொடர்பாக ஒருவருக்கு இருமுறை அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. மே மாதத்தில் நடந்த இரண்டாம் சிகிச்சைக்குப் பின், புண்ணின் கட்டில் மிகுந்த இரத்தம் படிந்திருந்ததாக ஒரு குறிப்பு இருந்தது. அறுவை செய்த இடத்தில் வலி என மறுநாள் மற்றொரு குறிப்பு. ஆனால் கசிவின் தன்மை, புண்ணின் நிலை, வலியின் போக்கு ஆகியவை பணிமுறைதோறும் தொடர்ச்சியாக விவரிக்கப்படவில்லை. சில நாள்களில் நோயாளர் இரவு முழுதும் வலியால் கதறினார். அதன் பின்னரே வட்டுப் பகுதியில் தொற்று கண்டறியப்பட்டது.

செவிலியர்கள் இம்மருத்துவமனையில் விலகல்பதிவு முறையைப் பின்பற்றி வந்தனர். ஆனால் புவர்ட்டோ ரிக்கோவின் மருத்துவமனை விதி, ஒவ்வொரு பணிமுறையிலும் நோயாளரின் நிலையை விவரிக்கும் செவிலியர் குறிப்பைக் கட்டாயமாக்கியிருந்தது. ஜூரி மருத்துவருக்கும் மருத்துவமனைக்கும் எதிராக 6,00,000 டாலர் இழப்பீட்டை வழங்கியது. 1994இல் அமெரிக்க முதலாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. தொடர்ச்சியான குறிப்பு இருந்திருந்தால் சிதறிய அறிகுறிகள் ஒன்றுசேர்ந்து தொற்றை முன்னரே உணர்த்தியிருக்கும் என்று ஜூரி முடிவு செய்வதற்கு இடமுண்டு என்பது அந்நீதிமன்றத்தின் கருத்து.

பதிவின் வரலாற்றில் இத்தீர்ப்பு ஒரு திருப்பம். பர்லிங்டனில் பதிவின்மை, கவனிப்பு இல்லாமைக்குச் சான்று மட்டுமே. புவர்ட்டோ ரிக்கோவிலோ செவிலியர்கள் நோயாளரைக் கவனிக்கவில்லை என்பது குற்றச்சாட்டின் மையமன்று. அங்குப் பதிவின்மையே தீங்குக்குக் காரணம் எனக் கொள்ளப்பட்டது. ஒரு செவிலியர் கண்ட இரத்தக்கறையும் வேறொருவர் கேட்ட வலியும் தாளில் சந்திக்கவில்லை. ஆகவே மருத்துவரின் அறிவிலும் சந்திக்கவில்லை. தாம் இல்லாதபோதும் பணி தொடர வேண்டும் என்று நைட்டிங்கேல் கூறிய அடிப்படைக்கு, நூற்றாண்டுக்கு மேல் கடந்து, நீதிமன்றம் தன் வழியில் வந்து சேர்ந்தது எனலாம். மேலும், எழுதாமல் விட்டது தனிச் செவிலியரின் சோர்வால் அன்று. நிறுவனம் வகுத்த முறையால். எனவே பொறுப்பு நிறுவனத்தைச் சேர்ந்தது முறையானதே.

இந்தியச் சட்டச் சூழலுடன் ஒப்பீடு

இத்தீர்ப்புகள் இந்திய நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவனவல்ல. எனினும் அவற்றின் பகுத்தறிமுறைக்கு இணையான கூறுகள் இந்தியச் சட்டத்தில் உள்ளன. 1872ஆம் ஆண்டு இந்தியச் சான்றுச் சட்டத்தின் 114ஆம் பிரிவின் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று, முன்வைக்கத்தக்க சான்றை ஒருவர் முன்வைக்காவிடில் அது அவருக்குப் பாதகமாக இருந்திருக்கும் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம் எனக் கூறுகிறது. இங்கும் சொல் ‘ஊகிக்கலாம்’ என்பதே. ‘ஊகிக்க வேண்டும்’ என்பதன்று. அதே சட்டத்தின் 159ஆம் பிரிவின்படி, நிகழ்வின்போதோ அதனையடுத்தோ தாம் எழுதிய குறிப்பைப் பார்த்துச் சாட்சி தம் நினைவைப் புதுப்பித்துக்கொள்ளலாம். குறிப்பு எழுதாத செவிலியர் பல ஆண்டுகள் கழித்து ஓர் இரவை நினைவிலிருந்து மட்டுமே மீட்டுச் சொல்ல நேர்கிறது. 2024 ஜூலை 1 முதல் அச்சட்டத்தின் இடத்தில் பாரதிய சாட்சிய அதிநியம் நடைமுறைக்கு வந்துள்ளது.

மருத்துவச் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் வரம்புக்குள் வராது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1994இல் கொண்ட நிலையை 1995 நவம்பர் 13ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. கட்டணம் பெற்று அளிக்கப்படும் மருத்துவச் சேவை அச்சட்டத்துக்கு உட்பட்டதென அது தீர்ப்பளித்தது. இதன் பின்னர் இந்தியாவில் மருத்துவமனைப் பதிவுகள் நுகர்வோர் மன்றங்களின் முன் வருவது வழக்கமாயிற்று. இந்திய மருத்துவ மன்றத்தின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிமுறைகள், உள்நோயாளர் பதிவுகளை மூன்றாண்டுகள் பேணவும், கோரினால் 72 மணி நேரத்துக்குள் அளிக்கவும் மருத்துவரைப் பணிக்கின்றன. அவ்வாறு அளிக்கப்படும் தாள்களில் செவிலியரின் கையெழுத்தில் உள்ளவை குறைவல்ல. மருத்துவரை நோக்கி வகுக்கப்பட்ட விதியின் பயனும் சுமையும் செவிலியரையும் சேர்கின்றன.

முடிவுரை

நான்கு வழக்குகளையும் ஒருங்கே நோக்கும்போது பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. பதிவு செய்யாமை தன்னளவில் செவிலியரை இழப்பீட்டுக்குப் பொறுப்பாக்குவதில்லை. கவனியாமையை நிறுவும் சான்றாகவோ, தீங்குக்குக் காரணமாகவோ அமையும்போதே அது இழப்பீட்டுப் பொறுப்பாகிறது. ஒழுங்கு நடவடிக்கையில் மட்டும் அது தனித்த தவறாக நிற்கிறது.

2. செவிலியரின் எழுத்துக்கு 1970இல் கிடைத்த சட்ட மதிப்பும், எழுதாமைக்கு 1974இல் கிடைத்த பாதகப் பொருளும் ஒரே கடமையிலிருந்து பிறந்தவை. ஒன்றை விடுத்து மற்றொன்றைப் பெற இயலாது.

3. எழுத்து மட்டும் நோயாளரைக் காக்காது என்பதற்கு ஜாஸ்பரும், எழுத்து அறுபட்டால் கவனிப்பும் அறுபடும் என்பதற்குப் புவர்ட்டோ ரிக்கோவும் சான்றுகள்.

4. செவிலியர் எண்ணிக்கை, பயிற்சி, பதிவுமுறை ஆகியவற்றைத் தீர்மானிப்பது நிறுவனம். சார்ல்ஸ்டன், புவர்ட்டோ ரிக்கோத் தீர்ப்புகள் இதனை ஏற்றன. ஒழுங்கு நடவடிக்கையோ தனிச் செவிலியரை மட்டுமே காண்கிறது. எழுத நேரமின்மையால் நேர்ந்த இடைவெளியும் புறக்கணிப்பால் நேர்ந்த இடைவெளியும் வேறுபடுத்தப்படாமல் போகும் ஆபத்து இங்குதான் மிகுதி.

‘எழுதப்படாதது செய்யப்படாததே’ என்ற தொடர் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வைக்கும் வாதத்தை மாணவருக்கு விதியாகக் கற்பிக்கிறது. அதனினும் பயனுள்ள வினா ஒன்றை இவ்வழக்குகள் முன்வைக்கின்றன. அடுத்த பணிமுறைக்கு வரும் செவிலியர் இத்தாளை மட்டும் கொண்டு இந்நோயாளரைக் காப்பாற்ற இயலுமா என்பதே அது. இவ்வினாவுக்கு விடையளிக்கும் பதிவு நீதிமன்றத்திலும் நிற்கும். நீதிமன்றத்தை மட்டும் எண்ணி எழுதப்படும் பதிவு, நோயாளரின் படுக்கையருகில் பயன்படும் என்பதற்கு உறுதியில்லை. செவிலியர் கல்விக்கான பாடத்திட்டத்தில் இத்தொடருக்கு மாற்றாக இத்தீர்ப்புகளின் பகுத்தறிமுறை கற்பிக்கப்படுவதும், ஒழுங்கு விசாரணைகளில் பணிச்சுமையும் பதிவுமுறையும் கட்டாயமாகக் கருதப்படுவதும் இவ்வாய்வு சுட்டும் தேவைகளாகும்.